கம்பியை மாற்றிய பிறகு

என் பழைய பிக்கப் வேனில் ஆக்சிலேட்டர் மிதியையும் டீசல் பம்பையும் இணைப்பது ஓர் இரும்புக் கம்பி. பிறகு வந்த வண்டிகளில் அந்த இடத்தில் கேபிள் இருக்கும். கேபிள் என்றால் கால் நோகாது. ஆனால் அறுந்தால் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். கம்பி வளைந்தாலும் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். இந்த ஒரு நியாயத்தை வைத்துக்கொண்டு பல வருடம் கேபிள் போடச் சொன்ன யார் பேச்சையும் நான் கேட்கவில்லை.

ஆத்தங்குடியில் ஒரு பட்டறையிலிருந்து தரைக்கல் ஏற்றிக் காரைக்குடி வீடுகளில் இறக்குவதுதான் என் பிழைப்பு. சுடாத சிமெண்ட் கல். மூலையில் லேசாக இடித்தாலும் போயிற்று. அதனால் கல்லைப் படுக்கப் போடாமல் நிற்க வைத்து, இடையில் வைக்கோல் செருகி அடுக்குவார்கள். அதற்கென்றே பட்டறையில் ஒரு பெண் இருந்தார். என் வயதுதான் இருக்கும். முதுகுவலிக்காரர். குனிந்து மணல் அள்ள முடியாது என்று, நின்றபடி செய்கிற இந்த வேலையைக் கேட்டு வாங்கியிருந்தார்.

போன வருடம் ஒவ்வொரு நடையிலும் நாலைந்து கல் மூளியாக ஆரம்பித்தது. வீட்டுக்காரர்களிடம் பேச்சு வாங்கி வாங்கி அலுத்துவிட்டது. ஒருநாள் பட்டறை வாசலில், முதலாளியும் ஆட்களும் கேட்க, "கண்ண எங்க வச்சுக்கிட்டு அடுக்குற? கைக்கு வந்தபடி அடுக்குனா கல்லு தாங்குமா?" என்று அந்தப் பெண்ணைப் பிடித்துக் கத்தினேன். அடுத்த நடைக்குப் போனபோது அடுக்க வேறு ஆள் நின்றது. அந்தப் பெண்ணை மணல் சலிக்கப் போட்டுவிட்டார் முதலாளி.

கல் உடைவது மட்டும் நிற்கவில்லை.

காரைக்குடி செக்காலை ரோட்டில் எனக்கு வழக்கமான மெக்கானிக் வண்டியை ஓட்டிப் பார்த்தார். முதல் கியரில் அது தவளை மாதிரி தத்தியது. "இன்ஜினத் தாங்குற ரப்பர் செத்துப்போச்சுண்ணே. இன்ஜின் ஆட ஆட, கம்பியும் சேந்து ஆடி பம்ப இழுத்து இழுத்து விடுது. நீங்க மிதிக்காமலே வண்டி குதிக்குது. இன்னுமா இந்தக் கம்பியக் கட்டிக்கிட்டு அழுவீக? கேபிள்னா வளைஞ்சு குடுக்கும்."

ரப்பரை மட்டும் மாற்றினால் போதாதா என்றேன்.

"நம்ம ரோட்டுக்கு அது எத்தன நாளைக்கு?"

வாதாடத் தெம்பில்லை. போட்டுத் தொலைங்க என்றேன். ரப்பரை மாற்றிக் கேபிளையும் போட்டுக் கொடுத்தார்.

அதன் பிறகு ஒரு கல்கூட உடையவில்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு மணல் சலிக்கும் இடத்துக்குப் போனேன். பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் போனேன். வெயிலில், இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு குனிந்திருந்தார்.

"தப்பு உன் மேல இல்லம்மா. என் வண்டிதான் குதிச்சுக் குதிச்சு ஒடைச்சிருக்கு."

அவர் சல்லடையைக் கீழே வைக்கவில்லை. "நான் அடுக்குனது எனக்குத் தெரியாதாக்கும்? ஊரு கேக்கத் திட்டுனீக, இப்பக் காதோட வந்து சொல்றீக. மொதலாளிகிட்டப் போய்ச் சொல்லுங்கண்ணே."

முதலாளி அன்றைக்கு இல்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. உள்ளேதான் இருந்தார். போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்த குரல் வெளியே கேட்டது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.