தெய்வானை அக்காளின் பூசணிக்காய்

போன வாரம் பத்திரிகையில் இந்த இடம் காலியாகக் கிடந்ததே, கவனித்தீர்களா? கவனிக்காதவர்கள் மேல் எனக்குக் கோபம். கவனித்தவர்களுக்கு மட்டும் காரணம் சொல்கிறேன் — என் வலது கையில் இரண்டு நகம் போய்விட்டது. பேனா பிடிக்க முடியவில்லை.

நகம் எப்படிப் போயிற்று? அதற்கு ஒரு பூசணிக்காயிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் தெய்வானை அக்காள் மெஸ் நடத்துகிறார். ரயில்வே கிளார்க்குகளில் பாதிப் பேருக்கு அங்கேதான் சாப்பாடு. எனக்கும்தான். அக்காளுக்குக் கனத்த சரீரம். அவர் நடந்தால் கீழே சைக்கிள் கடையில் தூசி கொட்டும் என்று கேலி செய்வோம். அவரும் சிரிப்பார். "தின்னுறது நீங்க, ஒட்டுறது எனக்கு. என்ன நியாயமோ!" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரசம் சாதத்துக்கு நடுவில் பொன்னுசாமி வாத்தியார் ஒரு குண்டைப் போட்டார். கனமானதும் லேசானதும் ஒரே நேரத்தில் விட்டால் ஒரே நேரத்தில்தான் தரைக்கு வருமாம்! இதென்ன அக்கிரமம்? நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவர் மேல் பாய்ந்தோம். அக்காள் கரண்டியோடு வந்துவிட்டார்.

"சும்மா கதை அளக்காதீங்க வாத்தியாரே. பூசணிக்காயும் எலுமிச்சம்பழமும் ஒண்ணா விழுமா?"

"ரெண்டையும் கொண்டாங்கக்கா, பார்த்துடலாம்."

தெருப் பக்கத்து ஜன்னலில் நின்று இரண்டையும் ஒரே சமயத்தில் விட்டார் வாத்தியார். தொப்! ஒரே சத்தம். எட்டிப் பார்த்தோம். பூசணிக்காய் நடுத்தெருவில் சிதறிக் கிடந்தது. எலுமிச்சம்பழம் உருண்டு சாக்கடையோரம் போய்ச் சேர்ந்தது. தெருவில் வந்தவர்கள், யாரோ திருஷ்டி கழித்திருக்கிறார்கள் என்று நினைத்து, பூசணிக்காயைச் சுற்றிக்கொண்டு போனார்கள்!

"என் சாம்பார் போச்சே..." என்று அக்காள் தலையில் கை வைத்தார். ஆனாலும் விடவில்லை. அப்பள மாவில் ஒரே அளவாக இரண்டு உருண்டை பிடித்தார். ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றதை அப்பளமாக இட்டார். இரண்டையும் அவரே கீழே விட்டார். உருண்டை நேராக விழுந்தது. அப்பளம் மட்டும் ஆடி அசைந்து, ஊர்வலம் போவது போல மெதுவாக இறங்கியது.

"ஒரே மாவு, ஒரே எடை. இது மட்டும் ஏன் சீமாட்டி மாதிரி வருது?"

"அகலமா இருக்குல்லக்கா. காத்து கீழேயிருந்து தாங்குது."

"அப்ப நான்கூட அகலம்தான். என்னையும் தாங்குமா?"

மெஸ்ஸே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் வேலை முடிந்து வருகிறேன். மெஸ் ஜன்னலில் புகை! மாடிப்படியில் வைத்திருந்த மண்ணெண்ணெய் டின் பற்றிக்கொண்டது. மரப்படி முழுக்க நெருப்பு. மேலே இரண்டு பேர் — அக்காளும், காய்ச்சலில் படுத்திருந்த குப்புசாமி என்ற கிளார்க்கும். நெருப்பணைக்கும் பொம்பா வண்டி வருவதற்குள் மாடியே போய்விடும்.

தெருவில் நின்ற லோரியிலிருந்து சரக்கு மூடும் கித்தானை உருவினோம். நான், வாத்தியார், சைக்கிள் கடைக்காரர், லோரிக்காரர் — ஆளுக்கு ஒரு மூலை. குப்புசாமி ஒல்லிக்குச்சி. அக்காளே அவரை ஜன்னலில் ஏற்றிவிட்டார். குதித்தார். கித்தான் ஒரு குலுங்கு குலுங்கியது, அவ்வளவுதான்.

அடுத்து அக்காள். கீழே எட்டிப் பார்த்தவர் பின்வாங்கிவிட்டார்.

"நான் வரலை தம்பி! நான் வந்தா நீங்க சாவீங்க!"

"பயப்படாதீங்கக்கா, குதிங்க!" என்று நான் கத்தினேன்.

"வாத்தியாரே... புடவையை விரிச்சுப் புடிச்சுக்கிட்டுக் குதிச்சா, அப்பளம் மாதிரி மெதுவா வருவேனா?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. புகையில் இருமிக்கொண்டே, நிஜமாகக் கேட்டார்.

"அப்பளம் லேசுக்கா! உங்க கனத்துக்கு ஒரு கூடாரமே வேணும்! ஆனா குப்புசாமி வந்த வேகத்துலதான் நீங்களும் வருவீங்க. பூசணியும் எலுமிச்சையும் ஒண்ணாத்தானே விழுந்துச்சு?"

"விழுந்துச்சு... விழுந்து என்ன ஆச்சு? எலுமிச்சை உருண்டு ஓடுச்சு. பூசணி?"

வாத்தியார் கித்தானைப் பார்த்தார். நாலே பேர். சட்டென்று திரும்பி, கடை வாசல் நடைபாதையான அஞ்சடியில் நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்தைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினார் பாருங்கள் — பள்ளிக்கூடத்தில்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டார்.

"கையைக் கட்டிக்கிட்டு என்னய்யா பார்க்குறீங்க? வாங்க! வந்து புடிங்க!"

வந்தார்கள். பக்கத்துத் தகரக் கடை முதலாளி, சீனத் தவுக்கே வந்தார். ரிக்‌ஷாக்காரர் வண்டியைப் போட்டுவிட்டு வந்தார். யார் யாரோ வந்தார்கள். கித்தானின் விளிம்பே தெரியாத அளவுக்குக் கைகள்.

"இப்பப் பாருங்கக்கா!" என்றார் வாத்தியார்.

அக்காள் பார்த்தார். ஜன்னல் கட்டையில் ஏறினார். தவுக்கே மலாயில் எண்ணினார்: "சத்து... டுவா... தீகா!"

அக்காள் கண்ணை இறுக மூடிக்கொண்டு குதித்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், குப்புசாமியைவிட ஒரு இம்மியும் வேகமாக வரவில்லை. ஆனால் வந்து விழுந்தாரே, அதுதான் கனம்! கித்தான் எங்கள் எல்லோரையும் உள்ளே இழுத்தது. என் நகங்கள் அதோடு போயின. யாரும் கையை விடவில்லை. கித்தானின் நடுப்பகுதி தரையை லேசாகத் தொட்டு நின்றது. கணுக்கால் சுளுக்கோடு அக்காள் தப்பினார்.

எழுந்து உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"யாருக்காச்சும் அடிபட்டுச்சா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. விரல் வலி என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சமாளித்தேன்.

இந்த ஒரு வாரமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருஷம் அவருடைய கனம் எங்களுக்கு வேடிக்கை. நெருப்பு முதுகில் சுடும்போது, அந்தக் கனம் எங்கள் தலையில் விழுமே என்றல்லவா அவர் தயங்கினார்! விழுகிற வேகம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று வாத்தியார் சொன்னது சரி. வாழ்ந்து கெட்டவர்களைப் பார்த்தாலும் அப்படித்தான் தெரிகிறது. சிலர் உடைந்து போகிறார்கள், சிலர் தட்டிவிட்டு எழுந்துகொள்கிறார்கள். வித்தியாசம் மேலே இல்லை — கீழே நின்றவர்களிடம் இருக்கிறது.

பாவம், அந்தப் பூசணிக்காய்க்குத்தான் கீழே யாரும் இல்லை.