கேஸ்ரிக் குளிசை

தம்பி ஹெரோயினை விட்டு எட்டு மாதமாகியிருந்தது. புனர்வாழ்வு நிலையத்திலிருந்து வந்தவனுக்கு டொக்டர் ஒரு குளிசை எழுதிக் கொடுத்திருந்தார். காலையில் ஒன்று. அது உடம்பில் இருக்கும்வரை ஹெரோயின் ஏறாது. ஆசைப்பட்டு எடுத்தாலும் வெறும் புகைதான். உரும்பிராயில் எங்கள் குசினியில், தேத்தண்ணிக்கு முதல், என் கண் முன்னாலேயே விழுங்குவான். "நாக்கைத் தூக்கு" என்பேன். இருபத்தாறு வயது ஆம்பிளை வாயைத் திறந்து காட்டுவான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

குளிசையோடு ஒரு சின்ன அட்டையும் தந்திருந்தார்கள். இந்த மருந்து எடுக்கிறவர் என்று எழுதிய அட்டை, எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து எனக்குக் கொக்குவிலில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. முப்பத்துநாலு வயதில் கடைசியாகப் பொருந்திய சாதகம். அட்டையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். குளிசைகளை, வயிற்றெரிவுக்கு வாங்கிய பழைய கேஸ்ரிக் மருந்துப் போத்தலுக்குள் கொட்டினேன்.

"ஆரும் கேட்டால் கேஸ்ரிக் எண்டு சொல்லு. என்ரை கலியாணம் முடியுமட்டும்."

"ஓம் அக்கா."

நான் நம்பவில்லை. ஹெரோயின் நாட்களில் என் தலையிலடித்து எத்தனையோ சத்தியம் செய்தவன். ஒன்றையும் காத்ததில்லை.

ஒருநாள் வெங்காய மூடை ஏற்றிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வரம்பில் சரிந்து அவன் காலை நசுக்கியது. ஆஸ்பத்திரியில் தாதி, "வேறை மருந்து ஏதும் எடுக்கிறவரோ?" என்று கேட்டார். என் வாய் முந்திக்கொண்டது.

"கேஸ்ரிக் குளிசை மட்டும்."

கேள்விப்பட்டு முதல் ஆளாய் வந்த மாப்பிள்ளையின் தாய், ஹோர்லிக்ஸ் போத்தலோடு அப்போது கட்டிலருகேதான் நின்றார்.

நோவுக்கு ஊசி போட்டார்கள். கேட்கவில்லை. இன்னொன்று போட்டார்கள். தம்பி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். "இவ்வளவு போட்டும் ஏன் கேக்குதில்லை?" என்று டொக்டர் தாளைப் புரட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹெரோயினை ஏறவிடாத குளிசை அதே இனத்து நோ ஊசியையும் ஏறவிடாது. அட்டையின் கீழே எழுதியிருந்ததும் அதுதான். உறைத்த பிறகும் நான் மாப்பிள்ளையின் தாயைத்தான் பார்த்தேன். இவ போகட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தம்பி மறுபடி கத்தினான்.

"டொக்டர், அது கேஸ்ரிக் இல்லை. ஹெரோயினை விட்டவைக்குக் குடுக்கிற குளிசை. இண்டைக்குக் காலமையும் குடுத்தனான்."

வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். டொக்டர் ஏசவில்லை. காலை விறைக்க வைக்கிற வேறு ஊசிக்கு ஒழுங்கு செய்தார். மாப்பிள்ளையின் தாய் ஹோர்லிக்ஸை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி.

பின்னேரம் நோ அடங்கிக் கிடந்தான். எனக்கு அவன்மேல்தான் கோபம் வந்தது.

"உனக்கு வாய் இல்லையோ? அட்டையிலை இருந்தது உனக்குத் தெரியும்தானே. ஏன்ரா சொல்லேல்லை?"

"தெரியும்" என்றான். "நீங்கள்தானே அக்கா சொன்னனீங்கள், கலியாணம் முடியுமட்டும் எண்டு."