பெரகலைக்குக் கொண்டுபோன சேதி

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் பதுளைக் கடைத்தெருவில் மாட்டு வண்டி ஏறினேன். ரயில் இன்னும் பண்டாரவளையோடு நின்றுவிடுவதால், அதுவரை பதினெட்டு மைல் இப்படித்தான் போகவேண்டும். இருக்கைக்கு ஒன்றரை ரூபாய். வெள்ளைச் சேலையில் சேறு படாமல் இருக்க முன்பக்கம் உட்கார்ந்தேன்.

என்னை அனுப்பியது எங்கள் பதுளைச் சபை. பெரகலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் சபையைச் சேர்ந்த இருபது வீட்டார் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு, அவர்கள் மலையேறி இறங்கி நடந்து வந்து, எல்லோரும் ஒரே பாத்திரத்தில் குடிக்கும் திருவிருந்தில் எங்களோடு சேருவார்கள். நான் கொண்டுபோன சேதி இதுதான்: இந்த ஆண்டிலிருந்து அந்த ஆராதனை இரண்டாகும். எட்டு மணிக்குப் பட்டணத்தார், பதினொரு மணிக்குத் தோட்டத்தார். கூட்டம் பெருகிவிட்டது, இடம் போதவில்லை என்றார் செயலாளர். "அவர்களுக்கு நீ சொன்னால்தான் எடுபடும்" என்றும் சொன்னார். அந்தத் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, விடுதியில் படித்து, பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஆனவள் நான். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கற்ற முதல் ஆள். என்னைத் தேர்ந்தெடுத்தார்களே என்று பெருமையாகத்தான் புறப்பட்டேன்.

ஹாலி எல தாண்டி ஏற்றம் தொடங்கியதும் மாடுகள் மூச்சு வாங்கின. வண்டிக்காரர் காசிம் நானா இறங்கி நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார். எதற்குப் போகிறேன் என்று கேட்டார், சொன்னேன்.

"ஒரே கோயில்ல ரெண்டு நேரமா?"

"கூட்டம் அதிகம், நானா."

"எங்க பள்ளியிலயும் பெருநாளைக்குக் கூட்டந்தான் புள்ள. பிந்தி வந்தவன் பின்னால நிப்பான். அவன் கடைக்காரனா கூலியாண்டு யாரும் பாக்கிறல்ல." மாட்டை ஒரு தட்டுத் தட்டினார். "நான் வண்டி ஓட்டுற ஆள். எனக்கென்னத்துக்கு!"

எனக்குக் கோபம் வந்தது. தெமோதரை வரைக்கும் அவரோடு பேசவில்லை.

பிற்பகல் பண்டாரவளையில் ரயில் பிடித்து, இரவு ஹப்புத்தளையில் உபதேசியார் வீட்டில் தங்கினேன். சனிக்கிழமை காலை மூடுபனி விலகுவதற்குள் பெரகலைக்கு இறங்கினேன். ஐந்து மைல் இறக்கம். சந்திக் கடைகளில் தோட்டத்து ஆட்கள் கருவாடும் மிளகாயும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து இரண்டு மைல் ஒற்றையடிப் பாதை. அம்மா பாதை முனையிலேயே நின்றிருந்தார். கட்டிப்பிடிக்க வந்தவர், தேயிலைக் கறை படிந்த கையைப் பார்த்துப் பின்வாங்கி, என் பையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஞாயிறன்று வேலைக்கு ஆள் சேர்க்கும் பெரட்டு இல்லை. கோயில் என்பது பழைய கோப்பிக் களஞ்சியம். கோப்பி அழிந்து தேயிலை வந்தபின் சும்மா கிடந்ததைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை இவர்களுக்குக் கொடுத்தாராம். தகரக் கூரை, சாணி மெழுகிய தரை. பெஞ்சு கிடையாது. எல்லோரும் பாயில் ஒரே வரிசையாக உட்கார்ந்தார்கள். மூலையில் ஒரு சாக்கு. சமைக்கும்போதெல்லாம் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் பானையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைப்பாள். அப்படிச் சேர்ந்ததைத்தான் பண்டிகைக்குத் தலையில் சுமந்து வருவார்கள். பதுளையில் பண்டிகைச் சோறு அந்த அரிசியில்தான் வேகிறது. பல வருஷம் நானே அதைச் சாப்பிட்டிருக்கிறேன்.

ஜெபம் முடிந்ததும் எழுந்து சேதியைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பேசுவதுபோல் தெளிவாகச் சொன்னேன். அம்மாவோடு கொழுந்து பறிக்கும் ஞானம்மா அக்காதான் முதலில் கேட்டார்.

"மொதல்ல அவுங்க குடிப்பாங்க, அப்புறம் நாங்க. அப்படித்தானே டீச்சரம்மா?"

"இடம் போதாததால்..."

"எடம் போன வருசம் போதுமா இருந்துச்சு. என் வாய் பட்ட பாத்திரத்துல கடைக்கார வீட்டம்மா குடிக்கமாட்டேன்னு மூஞ்சத் திருப்பினத நாந்தான் பாத்தேனே."

அந்தக் கடைக்கார அம்மாளுக்கு இரண்டு இடம் தள்ளித்தான் போன வருஷம் நானும் முழங்காலில் இருந்தேன். கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

ஞானம்மா அக்கா சாக்கைக் காட்டினார். "இந்த அரிசி எத்தனை மணிக்கு வரணும்? அதையும் கேட்டுட்டு வந்தியா?"

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சரி, நீ எத்தனை மணிக்கு?"

அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எட்டு மணி என்று நானாகவே வைத்துக்கொண்டிருந்தேன்.

நான் பேசுமுன் அம்மா பேசினார். "என்ன கேள்வி இது? எம்புள்ள டீச்சரு. எட்டு மணிக்குத்தான்."

"அப்ப நீ?"

"நான் பதினொண்ணுக்கு. ஆனா எட்டுக்கே போயிருவேன். வெள்ளச் சீலையில இவ பெஞ்சில உக்காந்திருக்கறத வாசல்ல நின்னு கண்ணாரப் பாத்துட்டு, அப்புறம் உள்ள போவேன். அது போதும் எனக்கு."

"நீ போ. நான் வரல" என்றார் ஞானம்மா அக்கா. "என் அரிசி வரும். அத யாரும் ஒதுக்கமாட்டாங்க."

திங்களன்று திரும்பினேன். அதே வண்டிதான் கிடைத்தது. நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு முன்பக்க இருக்கையைத் துடைத்துக் கொடுத்தார். தெமோதரை இறக்கத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. வேதம் வீட்டிலேயே வாசிக்கலாம். இப்போது அச்சிட்ட புத்தகம் மலிவு. ஜெபமும் தனியே செய்யலாம். திருவிருந்துப் பாத்திரத்தில் மட்டும் தனியே குடிக்க முடியாது, பக்கத்தில் ஒருவர் வேண்டும். இந்தக் காலத்தில் ஒரு ஊருக்குச் சபை வேறெதற்கு வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். வேறெதுவும் அகப்படவில்லை. அந்த ஒன்றையும் இரண்டாக்கும் சேதியைத்தான் நான் சுமந்து போயிருந்தேன்.

பதுளை வந்ததும் செயலாளரிடம் போய், என்னைப் பதினொரு மணியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அன்பாகவே சிரித்தார். "உன்னை யாரம்மா அவர்களோடு சேர்த்தது? நீ எங்களில் ஒருத்தி."

ஒரு மாதத்திற்கு முன் அந்த வார்த்தையைக் கேட்டிருந்தால் வீடு வரை தலை நிமிர்ந்து நடந்திருப்பேன்.

பண்டிகைக்கு இன்னும் சில நாட்களே இருக்கின்றன. எட்டு மணிக்கு நான் வாசலில், அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறேன். அம்மா என்னைக் கண்டு மகிழமாட்டார். பெஞ்சில் என் இடத்தைத் தேடுவார். அது காலியாக இருக்கும். நான் அதில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத்தான் அவர் முப்பது மைல் நடந்து வருகிறார்.