பின்னால் நடந்த கண்டக்டர்

தானே புயலில் வீடு போனவர்களுக்கு நிதி திரட்ட, அடுத்த ஆண்டு கடலூரிலிருந்து சிங்கப்பூர் மாரத்தானுக்குப் போன குழுவில் நானும் இருந்தேன். நாங்கள் யாரும் ஓடுகிறவர்கள் இல்லை. முழுத் தூரத்தையும் நடந்தே கடப்பதாகச் சொல்லித்தான் நன்கொடை கேட்டிருந்தோம்.

குழுவில் மூத்தவர் ஒரு கண்டக்டர். கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் வேலை பார்த்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். ஒல்லியான, உயரமான மனிதர். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. அண்ணாமலை நகரில் பயிற்சிக்கு நடந்தபோதே எல்லோருக்கும் பின்னால்தான் வருவார். யாராவது நின்றுவிட்டால், "முன்னாடி போ மச்சான், வழிய மறைக்காத" என்பார்.

சிங்கப்பூரில் பாதித் தூரம் தாண்டியதும் என் பாதமெல்லாம் கொப்புளம். நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் பஸ் வந்து நின்றது.

"நான் ஏறிக்கறேண்ணே" என்றேன், பின்னால் வந்துகொண்டிருந்த எங்கள் கண்டக்டரிடம்.

"என் சர்வீஸ்ல எவ்ளோ பேர ஏத்தியிருப்பேன்! ஒன்ன மட்டும் ஏத்த மாட்டேன். நட. நான் பின்னாடிதான் வர்றேன்."

அவர் வருகிறார் என்ற தைரியத்தில் நடந்து முடித்தேன். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். பதறிப்போய்த் தேடினேன். முதலுதவிக் கூடாரத்தில், வீங்கிய முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை அனுப்பிவிட்டு அதே பஸ்ஸில் அவர் ஏறியிருக்கிறார்.

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீயும் கூடவே ஏறியிருப்ப இல்ல?"

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எந்த இடத்திலிருந்து அந்த வலியோடு நடந்தார் என்று ஊர் திரும்பிய பிறகும் கேட்டுப் பார்த்தேன். அவர் சொல்லவேயில்லை.