எதிர்வீட்டு வாய்

வம்பு பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். என் மருமகள் செல்போனைக் காதில் இடுக்கிக்கொண்டு உத்திரமேரூர் முழுவதையும் அலசிக் காயப்போடுகிறாள். அடுப்பில் சோறு குழைவதுகூடத் தெரியாது. எனக்குப் படிப்பு கம்மி. ஆனால் அடுத்த வீட்டுச் சங்கதியை நான் சுமந்து திரிந்ததில்லை.

சிறுவயதில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தாள். ஓட்டைவாய், கோள்மூட்டி, தமுக்கு என்றெல்லாம் சொல்லிச் சொல்லி ஊரே அவள் பெயரை மறந்துவிட்டது. அம்மாவுக்கு அதுவும் போதாது. நாற்று நடும்போதெல்லாம் சிண்டுமுடிச்சி, பத்தவைக்கிறவள் என்று புதிது புதிதாகச் சேர்ப்பாள். ஒன்று மட்டும் சொல்லவேண்டும். பெரியம்மா கேட்டதைத்தான் பரப்புவாள்; இட்டுக்கட்டமாட்டாள்.

அப்போது என் அத்தைக்கு, அப்பாவின் தங்கைக்கு, தென்னேரியில் இடம் பார்த்திருந்தார்கள். நிலபுலன் உண்டு. மாப்பிள்ளை முதல் சம்சாரத்தைப் பறிகொடுத்தவர்; அப்பாவின் வயது. அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அத்தையை யாரும் கேட்கவில்லை.

தாம்பூலம் மாற்றுவதற்கு முன்னால் பிள்ளைவீட்டுப் பெண்கள் சும்மா வருவதுபோல் வந்து, எதிர்வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் பெண்ணைப் பற்றி விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா எதிர்வீட்டுக்கு ஓடினாள்.

“யக்கா, உன்னைக் கையெடுத்துக் கும்புடறேன். நல்ல பொண்ணுன்னு மட்டும் சொல்லு. உன் வாயை வெச்சிக்கினு சும்மா இரு.”

“நான் இன்னாடி இல்லாததையா சொல்லிக்கினு கீறேன்?” என்றாள் பெரியம்மா.

மறுநாள் மத்தியானம் அத்தை அவித்த வேர்க்கடலையை, எங்கள் பேச்சில் மல்லாட்டையை, முறத்தில் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். நானும் போனேன். வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துத் தின்றேன். உள்ளே அத்தை ஏதோ கிசுகிசுத்தாள், மூக்கை உறிஞ்சினாள். பெரியம்மா தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“போ கண்ணு. வாய் கெட்டவன்னு பேரு வாங்கனவதானே நானு. இன்னொரு வாட்டி வாங்கினா இன்னா?”

அடச்சீ, அத்தையும் வம்பு பேச ஆரம்பித்துவிட்டாளே என்று எனக்கு வெறுப்பாக இருந்தது.

அந்த வாரமே மாப்பிள்ளையின் அம்மா வந்து எதிர்வீட்டில் தண்ணீர் குடித்தாள். எங்கள் வீட்டுப் படி ஏறாமலே திரும்பிப் போனாள். பெண்ணுக்கு ஆயில்ய நட்சத்திரம், மாமியார் தலைக்கு ஆகாது என்று பெரியம்மா சொல்லிவிட்டாளாம். அப்பா தென்னேரிக்கே ஓடினார். அந்த அம்மாள் உயிர்ப்பயத்தில் எதையும் காதில் வாங்கவில்லை.

அம்மா தெருவில் இறங்கிவிட்டாள். “எங்க வூட்டுப் பொண்ணு ரோகிணி! ஆயில்யம்னு எவ சொன்னா உனக்கு? சொல்லு!”

ஊர்ச் சங்கதியெல்லாம் கொட்டும் அந்த வாய் அன்று திறக்கவில்லை. அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். அன்றுமுதல் புளுகுணி என்ற பெயரும் பெரியம்மாவுக்குச் சேர்ந்தது.

பிறகு அத்தைக்கு மாகறலில் நல்ல இடம் அமைந்தது. கல்யாணத்தன்று மணையைவிட்டு எழுந்ததும் அத்தை முதல் வெற்றிலைபாக்கை எடுத்துக்கொண்டு நேராகப் பெரியம்மாவிடம் போனாள், காலிலும் விழுந்தாள். பெரியம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

இந்த அத்தைக்குக் கொஞ்சமாவது ரோஷம் இருக்கிறதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சாயங்காலம் வரைக்கும் அவளோடு நான் பேசவேயில்லை.