பெயர் வைக்காத தக்காளி

திரைச்சீலை தைக்கும் கடையில் நான்கு பெண்கள் வேலை செய்தார்கள். அவர்களில் ஒருத்தியை மட்டும் எல்லோரும் 'தக்காளியக்கா' என்று கூப்பிட்டார்கள். மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் ஒரு மூலையில் கறுப்பாகவோ மஞ்சளாகவோ வரிவரியாகவோ ஒரு தக்காளி நறுக்கி வைத்திருக்கும். "இது கெட்டுப்போயிருச்சாக்கா?" என்று முதலில் கேட்டவர்கள், தின்று பார்த்த பிறகு தங்கள் டப்பாவைத் திறக்கும் முன்பே அவளுடையதை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

இதெல்லாம் தொடங்கியது ஒரு தவறுதலில். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம், கடையில் வாங்கிய பையில் ஒரு பச்சைத் தக்காளி கலந்து வந்துவிட்டது. பழுக்கட்டும் என்று ஜன்னலோரம் வைத்தாள். நாள் போகப் போகக் கைக்கு மெத்தென்று ஆனதே தவிர நிறம் மாறவில்லை. குப்பையில் போடுவதற்கு முன் சும்மா வெட்டிப் பார்த்தாள். உள்ளேயும் பச்சை. ஒரு துண்டை வாயில் போட்டவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள். பழுத்தும் பச்சையாகவே இருக்கிற வகை அது. விதையைக் கழுவிக் காயவைத்து, பழைய பெயின்ட் வாளியில் மண் போட்டு விதைத்தாள். 'பொய்க்காரி' என்று பெயரும் வைத்தாள்.

அவர்கள் குடியிருந்தது மேல்மாடி வீடு. சில படிகள் ஏறினால் மொட்டை மாடி. ஒரு வாளி பத்தானது, பத்து மாடி முழுக்க ஆனது. எங்கெங்கோ இருக்கும் முகம் தெரியாத மனிதர்களிடம் போனில் பேசி, தபாலில் விதை வாங்கினாள், பதிலுக்குத் தன்னுடையதை அனுப்பினாள். அவற்றின் சொந்தப் பெயர்கள் அவள் வாயில் நுழையவில்லை. அதனால் அவளே வைத்தாள். கோடு போட்டது வரிக்குதிரை. மேலெல்லாம் பூனைமுடி படர்ந்தது பஞ்சுமேனி. தோல் தடித்து, புளித்து, ஆனால் எத்தனை நாள் வைத்தாலும் கெடாமல் இருந்த ஒன்றுக்கு மாமியார். செடிகளைக் குச்சியில் கட்டக் கடையில் மிஞ்சிய துணிக் கீற்றுகளைக் கொண்டுவந்தாள். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு மாடியில் யாரோ நூறு கைக்குட்டைகளைக் காயப்போட்டது போல இருக்கும்.

கணவர் டவுன் பஸ் ஓட்டுபவர். வாயைத் திறந்து பேசுவதற்குக் கூலி கேட்கிற மாதிரியான ஆள். விடுமுறை நாள் காலையில் வெள்ளைத் தட்டில் ஏழெட்டு வகையை நறுக்கி அவர் முன்னால் வைப்பாள்.

"எப்படிங்க இருக்கு?"

"நல்லா இருக்கு."

"இது?"

"இதுவும் நல்லா இருக்கு."

"உங்ககிட்ட கேட்டதுக்கு உங்க பஸ்ஸ கேட்டிருந்தா ஹாரனாவது அடிச்சிருக்கும்."

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த துண்டை எடுப்பார். மகளுக்குத் தக்காளி என்றாலே ஆகாது. தட்டைப் பார்த்தாலே எழுந்து போய்விடுவாள்.

மகள் படித்து முடித்து ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்த சமயத்தில் தக்காளியக்காவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்வதால் என்று நினைத்தாள். பிறகு முகமும் வீங்கியது. பரிசோதனை செய்த டாக்டர் இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டன என்றார். வாரத்துக்கு மூன்று முறை மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். சாப்பாட்டில் எதையெதை விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் தக்காளியையும் சொன்னார். அதில் இருக்கும் ஒரு சத்து ரத்தத்தில் கூடினால் இதயம் நின்றுவிடுமாம்.

அவள் சிரித்துவிட்டாள். "வேற எதை வேணும்னாலும் விட்டுர்றேன் டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள், "இனிமே அந்தச் செடியெல்லாம் எதுக்கும்மா?" என்றாள்.

"நான் திங்கத்தான் கூடாது. வளக்கக் கூடாதுன்னு அவர் சொல்லலையே."

கடை வேலையை விட்டாள். மெஷினில் படுக்காத நாட்களில் மாடியில் இருந்தாள். பொய்க்காரியின் பூவையும் கறுப்புத் தக்காளியின் மகரந்தத்தையும் சேர்த்துப் புதிதாக ஒன்றை உண்டாக்க வேண்டும் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. மொட்டு விரியும் முன்பே தையல் ஊசியால் அதைப் பிரித்து, மகரந்தம் தடவி, துணியால் மூடிக் கட்டினாள். முதல் வருடம் வந்த பழங்கள் எல்லாம் ஒரே மாதிரி சாதாரணமாக இருந்தன. அடுத்த வருடம் அவற்றின் விதையில் முளைத்த செடிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் காய்த்தன.

ருசி பார்க்க வேண்டியவர் இப்போது டிரைவர் மட்டும்தான். 'நல்லா இருக்கு' என்று சொல்லித் தப்பிக்க அவருக்கு மனம் வரவில்லை. கண்ணை மூடி மென்றுவிட்டு, தனக்குத் தெரிந்த வார்த்தைகளைத் தேடினார்.

"மொதல்ல இனிப்பா வருது. நேர் ரோட்டுல போற மாதிரி. அப்புறம் திடீர்னு பிரேக் போட்ட மாதிரி ஒரு புளிப்பு."

"முழுங்கின பிறகு?"

"முழுங்கின பிறகு... இரு, இன்னொரு துண்டு குடு."

அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரே ஒரு செடியின் பழத்தை மட்டும் அவர் வெகுநேரம் மென்றுகொண்டிருந்தார். வெளியே மங்கலான பழுப்பு, உள்ளே பச்சை, நடுவில் மட்டும் சிவப்பு. "இதுக்கு எனக்குச் சொல்லத் தெரியல," என்றார். அதுதான் என்று அவள் முடிவு செய்தாள். அந்தச் செடியில் மொத்தமே மூன்று காய். விதை அத்தனையையும் அடுத்த பருவத்தில் விதைத்துவிட்டாள்.

"பேரு என்ன?" என்று கேட்டார்.

"இப்பவே வேண்டாம். ஒரே மாதிரி காய்க்குதான்னு பாத்துட்டு வைக்கலாம்."

அந்தச் செடிகள் பூத்துப் பிஞ்சு விட்டிருந்த சமயம். ஒரு காலை மகள் துணி காயப்போட மாடிக்கு வந்தபோது அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கையில் பாதி வரிக்குதிரை. முகவாயில் விதை ஒட்டியிருந்தது.

"அம்மா, என்ன பண்றே?"

"ஒண்ணும் இல்ல பாப்பா. வாயில வச்சுட்டுத் துப்பிட்டேன்."

"பொய் சொல்லாதே."

"துப்பிட்டேன்டி. சாறு கூட உள்ள போகல."

மகள் நம்பவில்லை. மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கடுத்த நாள் குளியலறை வாசலில் அம்மா மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எந்தச் சத்துக்கு டாக்டர் பயந்தாரோ அது ரத்தத்தில் ஏறியிருந்தது. கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்றார்கள்.

மகள் அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்தாள். பையை வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். ஒவ்வொரு செடியாக வேரோடு பிடுங்கினாள். துணிக் கட்டு அவிழாத இடத்தில் குச்சியோடு சேர்த்து இழுத்தாள். அழுதுகொண்டே செய்தாள். மாற்றுத் துணி எடுக்க வந்த டிரைவர் மாடிக் கதவருகில் நின்று பார்த்தார். எந்த வாளியில் என்ன இருந்தது என்பது அவருக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. மூட்டைகளைக் கீழே தூக்கி வந்து குப்பை வண்டியில் ஏற்றவும் உதவினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போனாள். வாளிகள் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"செடி என்னடி பண்ணுச்சு உன்னை?"

"உன்ன கொல்லப் பாத்துச்சும்மா."

அவள் கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். புதுச் செடி இருந்த மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "கீழ கூட்டிட்டுப் போ, தலை சுத்துது," என்றாள்.

இரண்டு வாரம் கழித்து உண்மை தெரிந்தது. ரத்தத்தை மெஷினுக்குக் கொண்டுபோக அம்மாவின் கழுத்தில் போட்டிருந்த குழாய் உள்ளுக்குள் பாதி அடைபட்டிருந்திருக்கிறது. பல நாட்களாக மெஷின் ஓடியதே தவிர ரத்தம் சரியாகச் சுத்தமாகவில்லை. வேறு குழாய் மாற்றினார்கள். "அப்போ சாப்பாட்டுல எதுவும் இல்லையா டாக்டர்?" என்று மகள் கேட்டாள். இந்தக் குழாயை வைத்துக்கொண்டு பட்டினி கிடந்திருந்தாலும் ஏறியிருக்கும் என்றார் அவர்.

வரும் வழியில் ஆட்டோவில் மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திரும்பப் போடலாம்மா. நான் மண்ணு கொண்டாறேன். தண்ணி ஊத்துறேன்."

"மத்த விதையெல்லாம் இருக்கு. போடு."

"அந்தப் புதுசு?"

"அது அவ்வளவுதான் பாப்பா. மறுபடி மொதல்லேர்ந்து வரணும். எனக்கு அவ்வளவு நாள் இல்ல." குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் மகளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அம்மா மறுபடி மாடி ஏறவில்லை. வீட்டுக்குக் கொஞ்சம் வைத்துவிட்டு, மீதி விதைகளைச் சின்னச் சின்னப் பொட்டலமாக்கி, தன்னோடு மெஷினில் படுத்திருந்தவர்களின் வீட்டாருக்குக் கொடுத்தாள். "நீங்க தின்னுட்டு இவங்களுக்கு விவரமா சொல்லணும். நல்லா இருக்குன்னு மட்டும் சொன்னா ஒத்துக்கக் கூடாது," என்று சொல்லிக் கொடுத்தாள். பக்கத்துப் படுக்கைக்காரர் ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்து, சிரிப்பு இருமலாகி, நர்ஸ் வந்து திட்டிவிட்டுப் போனார். அடுத்த மழைக்காலம் முடியும் முன் ஒரு மதியம், மெஷினில் படுத்திருக்கும்போதே அவள் உயிர் போயிற்று.

மகள் வாளிகளை நிமிர்த்தினாள். தக்காளி வாடையே ஆகாதவள், அந்தப் புதுசைத் திரும்ப உண்டாக்க ஊசியை வைத்துக்கொண்டு மொட்டுப் பிரிக்கக் கற்றுக்கொண்டாள். பழங்கள் வந்தன. பழுப்பாக, பச்சையாக, இரண்டும் கெட்டானாக. அம்மாவின் பழத்தை அவள் கண்ணால்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. பார்த்தவர் அப்பா ஒருவர்தான். அவர் தக்காளியைத் தொடுவதை அடியோடு விட்டிருந்தார். ஒருமுறை ஒரு துண்டை நீட்டியபோது தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். அவள் பிறகு நீட்டவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின் அவர் தினமும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். ஒரு சாயங்காலம் குழாயை மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"அன்னைக்கு நான் உன்னத் தடுத்திருக்கணும்."

மகள் காய்ந்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். "ஏம்ப்பா தடுக்கல?"

"எனக்கும் பயமா இருந்துச்சு. நீ புடுங்கறது சரின்னுதான் பட்டுச்சு."

மகள் அந்தப் பக்கத்து வாளிகளையும் காட்டி, அங்கே இன்னும் ஈரம் படவில்லை என்றாள். அவர் குழாயைத் திறந்தார்.