மூன்று உறவினர்களும் ஒரு தலைசுற்றலும்

சுழல் நாற்காலியில் தன்னைத் தானே நாலு சுற்றுச் சுற்றிவிட்டுக்கொண்டு, சட்டென்று நின்று, "சீக்கிரம், என் கண்ணைப் பாருங்க" என்கிறார் காது டாக்டர். கருவிழிகள் பக்கவாட்டில் துடிக்கின்றன. "உள்காது ஏமாந்தா கண்ணு இப்படித்தான் ஆடும். பயப்படாதீங்கம்மா." மருத்துவமனையில் இவருக்கு ராட்டினம் என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

பித்தம், உடல் சூடு என்று சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் அவர் வாதாடுவதில்லை. "வந்திருக்கிறது எந்தச் சொந்தக்காரர்?" என்று கேட்கிறார். புரண்டு படுத்தால், அண்ணாந்தால் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு நிமிடத்துக்குள் ஓடிவிடுபவர் மச்சான்: உள்காதில் துகள்கள் இடம் மாறியிருக்கின்றன. மணிக்கணக்கில் உட்கார்ந்து, காதில் இரைந்து, மற்ற எதையும் கேட்கவிடாதவர் பெரியப்பா: உள்காதில் நீர் கூடியிருக்கிறது. பெட்டி படுக்கையோடு வந்து நாள்கணக்கில் கிளம்பாதவர் சம்பந்தி: நரம்பில் அழற்சி. டாக்டருடைய சொந்தச் சம்பந்தி பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். இந்தப் பாடம் இன்னும் அவர் காதுக்கு எட்டவில்லை.

நான் போயிருந்த அன்று ஒரு பெயிண்டரை மேஸ்திரி இழுத்து வந்திருந்தார். "கூரைக்கு அடிக்கறப்ப ஆடுறான் டாக்டர். குடிக்கிறான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா இன்னையோட வேலையிலேர்ந்து நிறுத்திடுவேன்."

"தொட்டதே இல்லண்ணே."

உழைப்பவன் தள்ளாடினால் குடி; முதலாளி தள்ளாடினால் பிரஷர். இந்த அகராதியை எழுதியவர்கள் ஏணியில் ஏறியதே இல்லை.

"குனிஞ்சு சுவர் அடிக்கறப்ப சுத்துதா?" என்றார் டாக்டர்.

"இல்லைங்க. அண்ணாந்தாத்தான்."

"காது கேக்குதா?"

"மேஸ்திரி திட்டறது நல்லாவே கேக்குதுங்க."

அவரைப் படுக்கவைத்து, தலையை ஒருபக்கம் திருப்பி, கட்டில் விளிம்புக்குக் கீழே சாய்த்தார். சில நொடி கழித்துக் கண்கள் துள்ளின, பிறகு அடங்கின.

"பாத்தீங்களா, குடிகாரக் கண்ணு" என்றார் மேஸ்திரி.

"அரை நிமிஷத்துல தெளியற சரக்கு எந்தக் கடையில கிடைக்குது? சொல்லுங்க, ஊர்ல பாதிப் பொண்டாட்டிங்க நிம்மதியாத் தூங்குவாங்க. இவருக்கு வந்திருக்கறது மச்சான்."

தலையை மறுபக்கம் திருப்பி, உடலைப் புரட்டி, உட்காரவைத்தார். மறுபடி சாய்த்தபோது கண்கள் அசையவில்லை.

"ஒரு வாரம் ஏணி வேணாம். மறுபடி வந்தா இங்க வரணும். வேலை உண்டுதானே, மேஸ்திரி?"

"சுவர் இருக்கு அடிக்கறதுக்கு" என்று கட்டில் காலைப் பார்த்துச் சொன்னார் மேஸ்திரி. "நாளைக்கு வந்துடு."

பெயிண்டர் எழுந்து நின்று, மெதுவாக அண்ணாந்தார். "கூரை நிக்குதுங்க" என்றார். பிறகு, "யாருங்க அடிச்சது, இவ்வளவு கேவலமா?"

பெயிண்டரின் தோளுக்கும் எட்டாத டாக்டர், அவர் முதுகுக்குப் பின்னால், தொடாமல், இரண்டு கைகளையும் அகல விரித்தபடி நின்றிருந்தார்.